ஜன்னலுக்கு அந்தப் பக்கம்

சி, சி++ போன்ற மொழிகளில் எழுதப்படும் நிரல்கள் தங்கள் நினைவகத்தைத் தாங்களே நிர்வகித்துக்கொள்ள வேண்டும். இடம் கேட்டு வாங்குவது, அதில் எழுதுவது, படிப்பது, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுப்பது எல்லாமே நிரலாளரின் பொறுப்பு. பத்து பைட் வாங்கிவிட்டுப் பதினோராவது பைட்டில் எழுதினாலும், எதுவுமே எழுதாத இடத்திலிருந்து படித்தாலும், திருப்பிக் கொடுத்த இடத்தை மறுபடி தொட்டாலும் பெரும்பாலும் உடனே ஒன்றும் ஆகாது. நிரல் ஓடிக்கொண்டேயிருக்கும்; தவறு வேறொரு நாள், வேறொரு மூலையில் வெடிக்கும். இப்படிப்பட்ட தவறுகளை நடக்கும்போதே பிடிப்பதற்காக உருவானவை நினைவகச் சோதனைக் கருவிகள். அவை எவ்வளவு கூர்மையானவையாக இருந்தாலும் அவற்றின் பார்வை எட்டாத ஓர் இடம் உண்டு. அது இயங்குதளத்தின் மையமான கெர்னல். நிரல் ஒரு வேலையைக் கெர்னலிடம் ஒப்படைக்கும்போது கருவி எதைப் பார்க்க வேண்டும், பார்ப்பதைச் சரியாகப் பார்க்கிறதா என்று பரிசோதிக்க, வலைப்பின்னல் பாக்கெட்டுகளை வடிகட்டும் அழைப்புகளைப் போலக் கடினமான தேர்வுத்தாள் அதிகம் இல்லை.

இந்தக் கருவிகளில் முதலில் பரவலாகப் பெயர் வாங்கியது ப்யூரிஃபை. ரீட் ஹேஸ்டிங்ஸும் பாப் ஜாய்ஸும் 1992 குளிர்கால யூஸ்நிக்ஸ் மாநாட்டில் அதைப் பற்றிக் கட்டுரை அளித்தார்கள். பின்னாளில் நெட்ஃபிளிக்ஸைத் தொடங்கிய இருவரில் ஒருவர் இதே ஹேஸ்டிங்ஸ்தான். ப்யூரிஃபை விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருள். அதே வேலையை யாரும் இலவசமாகச் செய்துகொள்ள வழி திறந்தது 2002இல் வெளியான வால்கிரிண்ட். பிஸிப்2 என்ற சுருக்கு மென்பொருளை எழுதிய ஜூலியன் ஸீவர்ட் அதை உருவாக்கினார். வடஐரோப்பியப் புராணத்தில் வீரர்கள் இறந்தபின் சேரும் வால்ஹல்லா மண்டபத்தின் வாயிலுக்குப் பெயர் வால்கிரிண்ட். வாயிலில் நின்று பார்க்கும் கருவிக்கு அந்தப் பெயர் நன்றாகவே பொருந்துகிறது.

வால்கிரிண்டின் முக்கியமான பகுதி மெம்செக். அது நிரலின் எந்திரக் கட்டளைகளை அப்படியே ஓடவிடுவதில்லை. துண்டு துண்டாக எடுத்து, இடையிடையே தன் சோதனைகளைச் சேர்த்து, மறுபடி மொழிபெயர்த்து ஓட்டுகிறது. கூடவே நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு நிழல் கணக்கு வைத்துக்கொள்கிறது. அந்த இடத்தை நிரல் தொடலாமா என்பதற்கு ஒரு பிட். அந்த பைட்டின் எட்டு பிட்டுகளில் ஒவ்வொன்றுக்கும் முறையான மதிப்பு வந்து சேர்ந்திருக்கிறதா என்பதற்கு எட்டு பிட்டுகள். இவ்வளவு கணக்கு எழுதுவதால் நிரல் இருபது முதல் முப்பது மடங்கு வரை மெதுவாகும். அந்தக் காத்திருப்புக்குப் பலன் கிடைக்கிறது: மதிப்பு எழுதப்படாத ஒரே ஒரு பிட்டைக்கூடக் கருவி பின்தொடர்ந்து செல்ல முடிகிறது.

மெம்செக்கின் நிதானம் இங்கே கவனிக்கத் தக்கது. மதிப்பு எழுதப்படாத பைட்டை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகலெடுத்தால் அது வாய் திறக்காது. நகலெடுப்பது தவறில்லை, நல்ல நிரல்களும் அதைச் செய்கின்றன. அந்த பைட்டைப் பார்த்து நிரல் ஒரு முடிவெடுத்து வழி பிரிந்தாலோ, அதை ஒரு முகவரியாகப் பயன்படுத்தினாலோ, அல்லது கெர்னலிடம் கொடுத்தாலோ மட்டும்தான் புகார் எழும். முதல் இரண்டும் கருவியின் கண்முன்னே நடப்பவை. மூன்றாவது அப்படி இல்லை.

கோப்பைத் திறப்பது, பாக்கெட் அனுப்புவது, கூடுதல் நினைவகம் கேட்பது போன்ற வேலைகளை நிரல் நேரடியாகச் செய்ய முடியாது. கெர்னலைத்தான் கேட்க வேண்டும். நிரலாளர்கள் சிஸ்டம் கால் என்று சொல்லும் இந்தக் கோரிக்கையை இங்கே கெர்னல் அழைப்பு என்று சொல்லலாம். ஓர் அரசு அலுவலகத்தின் ஜன்னலை நினைத்துக்கொண்டால் இது எளிதாக விளங்கும். விண்ணப்பதாரர் படிவத்தை நிரப்பி ஜன்னல் வழியாக நீட்டுகிறார். உள்ளே அதை யார் படித்தார்கள், எந்தக் கட்டத்தைப் பார்த்தார்கள் என்பது வெளியே நிற்பவருக்குத் தெரியாது. சிறிது நேரத்தில் முத்திரை குத்திய தாள் திரும்பி வருகிறது. அதில் சில கட்டங்களை உள்ளே இருப்பவர் நிரப்பியிருப்பார். மெம்செக் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மேற்பார்வையாளர். படிவம் சரியாக நிரப்பப்பட்டிருக்கிறதா என்று அது சொல்ல வேண்டுமானால், எந்தப் படிவத்தில் எந்தக் கட்டம் கட்டாயம் என்பதை முன்கூட்டியே மனப்பாடம் செய்திருக்க வேண்டும்.

அந்த மனப்பாடம்தான் வால்கிரிண்டின் மூலநிரலில் ஒவ்வொரு அழைப்புக்கும் எழுதிவைத்திருக்கும் உறை. உறைக்கு இரண்டு பாதிகள். முன்பாதி, அழைப்பு கெர்னலுக்குப் போகும் முன், கெர்னல் படிக்கப்போகும் பைட்டுகள் எல்லாம் எழுதப்பட்டவையா, எழுதப்போகும் இடம் நிரலுக்குச் சொந்தமானதா என்று பார்க்கும். பின்பாதி, அழைப்பு வெற்றியுடன் திரும்பியபின், கெர்னல் நிரப்பிய பைட்டுகளை ‘மதிப்பு உள்ளவை’ என்று நிழல் கணக்கில் குறிக்கும். 64 பிட் லினக்ஸில் முந்நூறுக்கும் மேற்பட்ட அழைப்புகள் இருக்கின்றன; ஒவ்வொன்றுக்கும் மனிதர் ஒருவர் உட்கார்ந்து இதை எழுதியாக வேண்டும். எழுதப்படாத அழைப்பு வந்தால் வால்கிரிண்ட் அதன் எண்ணைச் சொல்லி எச்சரித்துவிட்டு, ‘அப்படியொரு அழைப்பே இல்லை’ என்ற பதிலை நிரலுக்குத் தருகிறது. பின்னால் பார்க்கப்போகும் புதிய பாக்கெட் வடிகட்டி அழைப்பின் எண் 64 பிட் இன்டெல் வகைக் கணினிகளில் 321. அதற்கு உறை இல்லாத பழைய வால்கிரிண்டில் ஓட்டினால், நிரல் தான் ஒரு பழங்கால கெர்னலில் இருப்பதாக நினைத்துக்கொண்டு வேறு பாதையில் போய்விடும். சோதிக்க நினைத்த பகுதி ஓடாமலே போகும்.

பாக்கெட் வடிகட்டியின் கதை இன்னும் பழையது. கணினிக்கு வரும் வலைப்பின்னல் பாக்கெட்டுகளில் சிலவற்றை மட்டும் ஒரு கண்காணிப்பு நிரல் பார்க்க விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் கெர்னலிலிருந்து வெளியே கொண்டுவந்து கொட்டி, அதன்பிறகு பொறுக்கினால் நேரம் வீணாகும். உள்ளேயே சலித்துவிட்டால் நல்லது. ஆனால் எதைச் சலிப்பது என்று கெர்னலை எழுதியவர்களுக்குத் தெரியாது, நிரலுக்குத்தான் தெரியும். ஆகவே ஒரு குட்டி நிரலை எழுதி, கெர்னலிடம் கொடுத்து, வரும் பாக்கெட் ஒவ்வொன்றின்மீதும் அதை ஓட்டச் சொல்ல வேண்டும். ஸ்டீவன் மெக்கேனும் வான் ஜேக்கப்சனும் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் இதற்கு வடிவமைத்த முறை 1993 குளிர்கால யூஸ்நிக்ஸ் மாநாட்டில் வெளியானது. பிஎஸ்டி பாக்கெட் ஃபில்டர், சுருக்கமாக பிபிஎஃப். முந்தைய வடிகட்டியைவிட இருபது மடங்கு வரை வேகம் என்று அவர்கள் அளந்து காட்டினார்கள். இன்றும் வலைப்பின்னல் பொறியாளர்கள் தினமும் கையில் எடுக்கும் டிசிபிடம்ப் இதன்மீதுதான் நிற்கிறது.

அந்தக் குட்டி நிரல் எப்படியிருக்கும்? ஐபி பாக்கெட்டுகள் மட்டும் வேண்டும் என்று டிசிபிடம்பிடம் சொன்னால் அது நான்கு கட்டளைகள் கொண்ட வடிகட்டியை உருவாக்கும். பாக்கெட்டின் 12ஆவது பைட்டிலிருந்து இரண்டு பைட்டுகளை எடு; அது பதினாறடிமானத்தில் 0800 ஆக இருந்தால் அடுத்த வரிக்குப் போ, இல்லையென்றால் அதற்கும் அடுத்த வரிக்குத் தாவு; பாக்கெட்டை வைத்துக்கொள்; பாக்கெட்டை விட்டுவிடு. ஒவ்வொரு கட்டளையும் சரியாக எட்டு பைட்: கட்டளைக் குறியீட்டுக்கு இரண்டு, ‘ஆம்’ என்றால் எத்தனை வரி தாவுவது என்பதற்கு ஒன்று, ‘இல்லை’ என்றால் எத்தனை என்பதற்கு ஒன்று, ஓர் எண்ணுக்கு நான்கு. ஆக, வடிகட்டி முழுவதும் 32 பைட்.

லினக்ஸில் இதை ஒரு சாக்கெட்டில், அதாவது நிரலின் வலைப்பின்னல் இணைப்பு முனையில், மாட்டிவிடும் வசதி 2.2 பதிப்பிலேயே வந்துவிட்டது. சாக்கெட்டின் விருப்பங்களை மாற்றும் செட்சாக்ஆப்ட் அழைப்பின் வழியாகத்தான் இது நடக்கிறது. ஆனால் அந்த 32 பைட்டையும் நேராக நீட்டுவதில்லை. கட்டளைகள் எத்தனை என்ற எண்ணும், அவை இருக்கும் முகவரியும் கொண்ட ஒரு சிறு படிவம் நீட்டப்படுகிறது. ‘இணைப்பு காண்க’ என்று எழுதிய விண்ணப்பம் போல. சிக்கல்கள் இங்கிருந்தே தொடங்குகின்றன.

64 பிட் கணினியில் அந்தப் படிவத்தின் அளவு 16 பைட். எண்ணிக்கைக்கு இரண்டு பைட், முகவரிக்கு எட்டு; கூட்டினால் பத்துதான் வருகிறது. மீதி ஆறு எங்கே? முகவரி எட்டின் மடங்கான இடத்தில் தொடங்க வேண்டும் என்பதால், இரண்டுக்கும் நடுவே, மூலநிரலை எந்திரக் கட்டளைகளாக்கும் கம்பைலர் ஆறு பைட்டைச் சும்மா விட்டுவைக்கிறது. ‘அலுவலக உபயோகத்துக்கு மட்டும்’ என்று அச்சிட்ட கட்டத்தைப் போல, நிரலாளர் அதைத் தொடுவதில்லை, தொட வேண்டியதும் இல்லை. கெர்னலும் அதைப் பார்ப்பதில்லை. ஆனால் உறையை எழுதியவர் ‘16 பைட் போகிறது, பதினாறும் எழுதப்பட்டிருக்க வேண்டும்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால், சரியாக எழுதப்பட்ட ஒவ்வொரு நிரலின்மீதும் புகார் வரும். அதே உறை இணைப்பைப் பிரித்துப் பார்க்காமல் விட்டிருந்தால், 32 பைட்டில் பாதி எழுதப்படாமல் குப்பையாக இருந்தாலும் மௌனமாக இருக்கும். ஒரே உறை, பிழையில்லாத இடத்தில் கத்தி, பிழையுள்ள இடத்தில் சும்மா இருக்கும்.

பரிசோதனை எழுதுபவர் ஆகவே இரண்டு திசையிலும் பார்க்க வேண்டும். நடுவில் உள்ள ஆறு பைட்டை வேண்டுமென்றே நிரப்பாமல் விட்டு, மற்றதெல்லாம் ஒழுங்காக அமைந்த அழைப்பு ஒன்று: கருவி எதுவும் சொல்லக்கூடாது. நான்காவது கட்டளையை மட்டும் எழுதாமல் விட்ட அழைப்பு ஒன்று: கருவி அந்த எட்டு பைட் உள்ள இடத்தைச் சுட்டிக்காட்ட வேண்டும். இந்த இரண்டாவது பரிசோதனை இன்னொரு வழுக்கலையும் பிடிக்கும். படிவத்தில் உள்ள எண் 4 என்பது கட்டளைகளின் எண்ணிக்கை, பைட்டுகளின் எண்ணிக்கை அன்று. எட்டால் பெருக்க மறந்த உறை முதல் நான்கு பைட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியடைந்துவிடும். மூன்றாவதாக, முகவரிக் கட்டத்தில் எங்கேயும் இல்லாத ஒரு முகவரியைப் போட்ட அழைப்பு. கெர்னல் அதைப் பிழைக் குறியீட்டுடன் அமைதியாகத் திருப்பியனுப்பும். ஆனால் கெர்னலுக்கு முன்பே இணைப்பைப் பிரித்துப் பார்க்கப் போகும் உறை, முதலில் அந்த முகவரி உண்மையில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளாவிட்டால், தடுக்கி விழுந்து நொறுங்குவது கருவியே. கண்காணிப்பவர் விழுந்தால் கண்காணிக்கப்படும் நிரலும் சேர்ந்து நின்றுவிடும்.

முடிவு சொல்லக் கடினமான நிலைகளும் உண்டு. தாவல் கட்டளை அல்லாதவற்றில் ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டு பைட்டுகளுக்கும் வேலை இல்லை. ‘பாக்கெட்டை விட்டுவிடு’ என்ற கட்டளையில் அவற்றை ஒருவர் எழுதாமல் விட்டால் அது பிழையா? வடிகட்டியின் விளைவு மாறப்போவதில்லை. கண்டிப்பாகப் பார்த்தால் கெர்னல் அந்த பைட்டுகளையும் சேர்த்தே நகலெடுக்கிறது. கட்டளைகளைப் பொறுத்தவரை கண்டிப்பாக இருப்பதே நல்லது. ஏனெனில் இது கெர்னலுக்குள் ஓடப்போகும் நிரல், அதன் எட்டு பைட்டும் எழுதுபவரின் பொறுப்பு. நடுவில் கம்பைலர் விட்ட இடைவெளியோ அவர் பொறுப்பில் இல்லாதது.

தேவையற்ற புகார்களை அலட்சியமாக எண்ணக்கூடாது என்பதற்கு டெபியன் லினக்ஸின் அனுபவம் ஒன்று போதும். ஓபன்எஸ்எஸ்எல் மறைகுறியீட்டு நூலகத்தில், எழுதப்படாத நினைவகத்தைப் பயன்படுத்துவதாக வால்கிரிண்டும் ப்யூரிஃபையும் எச்சரித்துக்கொண்டிருந்தன. அந்த எச்சரிக்கையை நிறுத்துவதற்காக 2006இல் டெபியனில் இரண்டு இடங்களில் ஒரே மாதிரியான ஒரு வரி நீக்கப்பட்டது. ஓரிடத்தில் அதை நீக்கியதால் கேடில்லை. மற்றோர் இடத்தில் அந்த வரிதான் யூகிக்க முடியாத எண்களின் கலவைக்குள் உண்மையான எதேச்சையைச் சேர்த்துக்கொண்டிருந்தது. அது போனபின் மிஞ்சியது கிட்டத்தட்ட நிரலின் அடையாள எண் மட்டும். ஒரு குறிப்பிட்ட வகை, அளவுக்கு உருவாகக்கூடிய சாவிகள் சுமார் 32 ஆயிரத்துக்குள் சுருங்கிவிட்டன. 2008 மே மாதம் வெளியே தெரியும்வரை உலகெங்கும் அந்தச் சாவிகள் புழங்கின. கருவி சொன்னது பொய்யில்லை. ஆனால் எந்தப் புகார் தீங்கற்றது, எது தீங்கானது என்று பிரித்துக் காட்டாத புகார், திருத்துகிறோம் என்ற நல்லெண்ணத்தோடு கெடுத்துவிட வழிசெய்தது.

ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் பிபிஎஃப் வேறு வாசல் வழியாக வருகிறது. அங்கே அது ஒரு சாதனக் கோப்பு. அதைத் திறந்து, ஐஓசிடிஎல் என்ற பல்பயன் அழைப்பின் மூலம் வடிகட்டியைக் கொடுக்க வேண்டும். ஐஓசிடிஎல் கோரிக்கை எண்ணுக்குள்ளேயே தரவு உள்ளே போகிறதா வெளியே வருகிறதா, எத்தனை பைட் என்பது பொதிந்திருக்கும் என்பதால், தெரியாத கோரிக்கையைக்கூடக் கருவி ஓரளவு ஊகித்துக் கையாளலாம். ஆனால் ஊகம் படிவத்தோடு முடிந்துவிடும். இணைப்பு இருக்கிறது என்று அந்த எண் சொல்லாது. அங்கேயும் 64 பிட்டில் எண்ணிக்கைக்கும் முகவரிக்கும் நடுவே நான்கு பைட் வெற்றிடம் உண்டு. இப்படிப்பட்ட தொல்லைகளுக்காகவே ஐஓசிடிஎல் சோதனையைத் தளர்த்திக்கொள்ள வால்கிரிண்டில் தனி விருப்பம் ஒன்று வைத்திருக்கிறார்கள். ஃப்ரீபிஎஸ்டிக்கான ஆதரவு வால்கிரிண்டின் அதிகாரப்பூர்வ மூலநிரலில் சேர்ந்தது 2021இல் வந்த 3.18 பதிப்பில்.

2014 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 3.18இல் பாக்கெட் வடிகட்டி மறுபிறவி எடுத்தது. அலெக்ஸி ஸ்டாரவோய்டோவ் முன்னின்று உருவாக்கிய இபிபிஎஃப் இரண்டு பதிவேடுகளோடு நின்ற பழைய குட்டி எந்திரத்தை 64 பிட் அளவில் பதினொரு பதிவேடுகள் கொண்டதாக விரித்தது. வடிகட்டுவதோடு நில்லாமல் கெர்னலின் பல மூலைகளைக் கண்காணிக்கவும் அது பயன்படத் தொடங்கியது. அதற்கென்றே வந்த தனி அழைப்பின் பெயர் பிபிஎஃப். என்ன செய்ய வேண்டும் என்ற உத்தரவு எண், ஒரு படிவம், அந்தப் படிவத்தின் அளவு என்று மூன்றே உள்ளீடுகள். ஆனால் படிவம் ஒன்றல்ல. உத்தரவைப் பொறுத்து அதே தாள் வேறு வேறு கட்டங்களாகப் பொருள்படும்: நிரலை ஏற்றும்போது ஒரு விதம், மேப் எனப்படும் தரவு அட்டவணையைத் தொடங்கும்போது வேறு விதம், அட்டவணையில் தேடும்போது இன்னொரு விதம். சி மொழியில் யூனியன் என்பது இதுதான். கெர்னலின் ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் கட்டங்கள் கூடிக்கொண்டே போவதால் தாளும் நீளுகிறது.

இந்தப் படிவத்தில் வெற்றிடங்களுக்கான சட்டம் தலைகீழ். ஓர் உத்தரவுக்குரிய கடைசிக் கட்டத்துக்குப் பின்னால் இருக்கும் பைட்டுகள் எல்லாம் பூஜ்யமாக இருந்தே தீர வேண்டும். இல்லையென்றால் கெர்னல் படிவத்தை நிராகரிக்கும். நாளைக்கு அந்த இடத்தில் புதுக் கட்டம் வரும்போது, பழைய நிரல் ஒன்று விட்டுவைத்த குப்பையைப் புதுக் கோரிக்கையாக எண்ணிவிடக்கூடாது என்பதற்கான முன்யோசனை இது. ஆனால் அட்டவணை எண்ணுக்கும் அடுத்த முகவரிக்கும் நடுவே கம்பைலர் விட்ட நான்கு பைட்டைக் கெர்னல் சோதிப்பதில்லை. ஆக, ஒரே தாளில் நடுவில் உள்ள வெற்றிடம் தீங்கற்றது, வாலில் உள்ள வெற்றிடம் உண்மையான பிழை. இரண்டையும் ஒரே கோலால் அளக்கும் உறை இரண்டில் ஒன்றில் தவறியே ஆக வேண்டும்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. சி நிரலாளர்கள் பலர் யூனியனை வெறும் பூஜ்ய அடைப்பால் தொடங்கிவைத்து, தாள் முழுவதும் பூஜ்யமாகிவிட்டது என்று நம்புவது வழக்கம். ஜிசிசி கம்பைலரும் நெடுங்காலம் அப்படித்தான் செய்துவந்தது. 2025இல் வந்த ஜிசிசி 15, யூனியனின் முதல் உறுப்பை மட்டும் பூஜ்யமாக்கினால் போதும் என்று மாற்றிக்கொண்டது. பழைய நம்பிக்கையில் எழுதிய நிரல் புதிய கம்பைலரில் வாலில் குப்பையுடன் வெளியே வரலாம். அழைப்பு சில நாள் வெற்றி பெற்று, சில நாள் காரணம் சொல்லாமல் தோற்கும். வாலைச் சரியாகப் பார்க்கும் மெம்செக் உறை இருந்தால் இதை முதல் ஓட்டத்திலேயே பிடித்துவிடும். தாள் முழுவதையும் முறையாகத் துடைத்துவிட்டு நிரப்புவதே நல்ல பழக்கம்.

அட்டவணையில் தேடும் உத்தரவு இன்னும் ஆழமான சிக்கல். நிரல் மூன்று தகவல் தருகிறது: எந்த அட்டவணை, சாவி இருக்கும் முகவரி, விடையை எழுத வேண்டிய முகவரி. சாவி எத்தனை பைட், விடை எத்தனை பைட் என்பது அழைப்பில் எங்கேயும் இல்லை. அட்டவணையைத் தொடங்கியபோது சொன்ன அளவைக் கெர்னல் நினைவில் வைத்திருக்கிறது. வேறு யாரோ தொடங்கிய அட்டவணையாகக்கூட அது இருக்கலாம். மேற்பார்வையாளர் எதை வைத்துக் கணக்குப் பார்ப்பது? லினக்ஸில், திறந்திருக்கும் ஒவ்வொரு கோப்பு எண்ணைப் பற்றிய விவரங்களையும் ப்ராக் அடைவின்கீழ் எஃப்டிஇன்ஃபோவில் படிக்கலாம். பிபிஎஃப் அட்டவணையானால் அங்கே அதன் வகை, சாவியின் அளவு, விடையின் அளவு எல்லாம் வரி வரியாக இருக்கும். வால்கிரிண்டின் உறை இந்த வழியைத்தான் பிடிக்கிறது. ஓர் அழைப்பைச் சரிபார்க்க, கருவி தானே போய்க் கெர்னலிடம் இன்னொரு கேள்வி கேட்டுவிட்டு வருகிறது.

அங்கே படித்த அளவும் எப்போதும் போதாது. ஒவ்வொரு சிபியுவுக்கும் தனித்தனி மதிப்பு வைத்திருக்கும் அட்டவணை வகை உண்டு. நான்கு பைட் மதிப்பு என்று தொடங்கியிருந்தாலும், தேடும்போது கெர்னல் எல்லாச் சிபியுக்களின் மதிப்பையும் வரிசையாக எழுதும். ஒவ்வொன்றையும் எட்டு பைட்டாக உயர்த்தி எழுதும். எட்டு சிபியு என்றால் 64 பைட். நான்கு பைட் மட்டும் ஒதுக்கிய நிரலாளருக்கு, மீதி அறுபது பைட் பக்கத்து வீட்டுச் சுவரில் எழுதப்படும். எண்ணிக்கையும் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் சிபியுக்களை வைத்து அல்ல, அந்தக் கணினியில் இருக்கச் சாத்தியமுள்ள எல்லாவற்றையும் வைத்து. மெய்நிகர் கணினிகளில் இவ்விரண்டும் பெரிதும் வேறுபடலாம். நிரலாளரின் மேசையில் நன்றாக ஓடிய நிரல் வேறொரு கணினியில் நினைவகத்தைச் சிதைப்பதற்கு இது ஒன்றே போதும். இந்த வகைக்கென்று தனிப் பரிசோதனை இல்லாத கருவியை இவ்விடத்தில் நம்பக்கூடாது.

நிரலை ஏற்றும் உத்தரவில் வேறொரு வழக்கம் உடைகிறது. பின்பாதி, வெற்றி பெற்ற அழைப்புக்கு மட்டும்தான் ஓடும் என்பது பொது விதி. தோற்ற அழைப்பில் கெர்னல் எதையும் எழுதியிருக்காது என்ற எண்ணம். ஆனால் இபிபிஎஃப் நிரலை ஏற்றும் முன் கெர்னலின் சரிபார்ப்பான் அதை வரி வரியாக ஆராய்கிறது. நிராகரித்தால், காரணத்தை நிரல் கொடுத்த பஃபரில் விரிவாக எழுதிவிட்டுத்தான் தோல்வியைத் திருப்புகிறது. நிரலாளருக்கு மிகவும் தேவைப்படும் செய்தி, தோல்வியில்தான் வருகிறது. உறை இதை உணராவிட்டால், அந்தச் செய்தியைத் திரையில் அச்சிடும்போது ‘எழுதப்படாத பைட்டைப் பார்த்து முடிவெடுக்கிறாய்’ என்று மெம்செக் எழுத்துக்கு எழுத்து புகார் சொல்லும். தோல்வியிலும் பின்பாதியை ஓட்டச் சொல்லும் குறி வால்கிரிண்டில் இருக்கிறது. எந்த அழைப்புக்கு அது தேவை என்று கண்டுபிடிப்பதே பரிசோதனையின் வேலை.

பரிசோதனைகள் எழுதப்படும் விதத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. வால்கிரிண்டின் மூலநிரலோடு வரும் ஸ்கேலர் என்ற நிரல், கிட்டத்தட்ட எல்லாக் கெர்னல் அழைப்புகளையும் வேண்டுமென்றே கெட்ட உள்ளீடுகளோடு கூப்பிடுகிறது. எழுதப்படாத நினைவகத்திலிருந்து ஓர் எண்ணை எடுத்து அதற்கு எக்ஸ்0 என்று பெயர் வைத்துக்கொள்கிறது. உண்மையில் அதன் மதிப்பு பூஜ்யம்தான். ஆனால் நிழல் கணக்கில் அது கறை படிந்தது. ஐந்து என்ற உத்தரவைக் கொடுக்க வேண்டுமானால் ‘எக்ஸ்0 கூட்டல் 5’ என்று கொடுப்பார்கள். கெர்னலுக்கு அது வெறும் ஐந்து. மெம்செக்குக்கோ அது கறை பட்ட ஐந்து, புகார் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு அழைப்புக்கும் முன் ‘மூன்று எஸ், ஒரு எம்’ என்பதுபோல ஒரு குறிப்பு அச்சாகும்: நேரடி உள்ளீடுகளில் மூன்று புகார், அவை காட்டும் நினைவகத்தில் ஒரு புகார் வர வேண்டும் என்று பொருள். வந்த புகார்களை, முன்பே எழுதிவைத்த எதிர்பார்ப்புக் கோப்புடன் வரிக்கு வரி ஒப்பிடுவார்கள். நிரலின் அடையாள எண், வரி எண் போன்று ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுபவற்றை முதலில் சலித்து எடுத்துவிடுவார்கள்.

இந்த முறையின் அழகு, அழைப்பு வெற்றி பெற வேண்டிய அவசியமே இல்லை என்பது. முன்பாதி தன் வேலையைக் கெர்னலுக்கு முன்பே முடித்துவிடுகிறது. பிபிஎஃப் அழைப்புக்குப் பொதுவாகச் சிறப்பு அதிகாரம் தேவை. சாதாரணப் பயனருக்கு அதை முற்றிலும் மூடிவைக்கும் அமைப்பும் கெர்னலில் உண்டு. நிரல்களைத் தனித்தனிக் கொள்கலன்களில் ஓட்டும் டாக்கரின் இயல்பான அமைப்பு, பழைய பிபிஎஃப் மொழியிலேயே எழுதப்படும் செக்காம்ப் வடிகட்டியால், சிறப்பு அதிகாரம் இல்லாதவர்களுக்கு இந்த அழைப்பைத் தடுக்கிறது. எங்கே ஓட்டினாலும் முன்பாதியின் பரிசோதனை ஒரே பதிலைத் தரும். பின்பாதியைச் சோதிக்கத்தான் அழைப்பு நிஜமாக வெற்றி பெற வேண்டும். அதற்கு அதிகாரமுள்ள கணக்கு, போதிய புதிய கெர்னல், உண்மையான அட்டவணை எல்லாம் வேண்டும். இல்லாத இடத்தில் பரிசோதனை தோற்றதாகக் காட்டாமல் தாண்டிப்போக வேண்டும். இதனால் பின்பாதிக்கான பரிசோதனைகள் பல இடங்களில் ஓடாமலே போக வாய்ப்பு உண்டு. பிழைகள் அங்கே அதிக நாள் ஒளிந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயம்.

கம்பைலரோடு சேர்ந்து வேலை செய்யும் புதிய தலைமுறைக் கருவிகளுக்கும் இதே ஜன்னல் உண்டு. கூகுளில் உருவாகி 2012இல் விளக்கப்பட்ட அட்ரஸ் சானிடைசரும், எழுதப்படாத மதிப்புகளைத் தேடும் மெமரி சானிடைசரும், கம்பைல் செய்யும்போதே சோதனைகளை நிரலில் பதித்துவிடுவதால் வால்கிரிண்டைவிடப் பல மடங்கு வேகமானவை. ஆனால் கெர்னல் எழுதும் பைட்டுகள் எந்தக் கம்பைலரின் வழியாகவும் வருவதில்லை. சி நூலகத்தின் தெரிந்த செயற்கூறுகளை வழிமறித்து அவை சமாளிக்கின்றன. கிலிப்சி நூலகத்தில் பிபிஎஃப் அழைப்புக்குத் தனிச் செயற்கூறு இல்லை; எண்ணைச் சொல்லி நேராகக் கூப்பிட வேண்டும். வழிமறிக்க ஏதும் இல்லாததால், அட்டவணையிலிருந்து கெர்னல் கொண்டுவந்த நல்ல மதிப்பையும் மெமரி சானிடைசர் குப்பை என்று நினைக்கும். ‘இந்த பைட்டுகள் எழுதப்பட்டவைதான்’ என்று நிரலாளரே கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த அறுபது பைட் கதையில் அட்ரஸ் சானிடைசரும் அதே காரணத்தால் வாய் திறக்காது.

ஜன்னலே இல்லாத வழியும் ஒன்று உண்டு. அதிவேகமாகப் பாக்கெட் பிடிக்க, கெர்னலும் நிரலும் ஒரே நினைவகத் துண்டைப் பகிர்ந்துகொள்ளும்; கெர்னல் பாக்கெட்டுகளை அதில் வட்டமாக எழுதிக்கொண்டே போகும், நிரல் பின்னால் படித்துக்கொண்டே வரும். எந்த அழைப்பும் நடக்காததால் எந்த உறையும் ஓடாது. இப்படி இணைத்துக்கொண்ட நினைவகம் முழுவதையும் மெம்செக் தொடக்கத்திலேயே மதிப்புள்ளதாகக் குறித்துவிடுகிறது. வேறு வழியில்லை, ஆனால் நிரல் பாக்கெட்டின் எல்லை தாண்டி அதே துண்டுக்குள் பழைய பாக்கெட்டின் மிச்சத்தைப் படித்தாலும் கருவிக்குத் தெரியாது.

ஜன்னலின் உட்புறத்திலும் மேற்பார்வையாளர்கள் இருக்கிறார்கள். கெர்னலின் சொந்த நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் கசான் 2015இல் லினக்ஸ் 4.0உடனும், எழுதப்படாத மதிப்புகளைப் பிடிக்கும் கேஎம்சான் 2022இல் 6.1உடனும் சேர்ந்தன. படிவத்தின் வெற்றிடங்கள் அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது வேறு பொருள் கொள்கின்றன. கெர்னல் ஒரு படிவத்தை நிரப்பி நிரலுக்குத் திருப்பித் தரும்போது நடுவிலுள்ள நான்கு பைட்டைத் துடைக்காமல் விட்டால், அதே இடத்தில் முன்பு இருந்த வேறொருவரின் ரகசியத் துணுக்கு அதில் ஒட்டிக்கொண்டு வெளியே போகலாம். கேஎம்சான், கெர்னலிலிருந்து நிரலுக்கு நகலாகும் ஒவ்வொரு பைட்டும் எழுதப்பட்டதா என்று பார்த்து, துடைக்காத வெற்றிடத்தையும் கசிவு என்றே பதிவு செய்கிறது.